கடல்நீர் மீன் தொட்டியில் யூவி ஸ்டெரிலைசர்: ஒட்டுண்ணிகளைக் கட்டுப்படுத்த முழுமையான வழிகாட்டி

யூவி ஸ்டெரிலைசர் என்பது தொட்டி நீரைப் புற ஊதாக் கதிர் விளக்கு உள்ள ஒரு குழாய் வழியே செலுத்தி, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களைக் கொல்லும் கருவி. அது மீனின் உடலில் ஏறிவிட்ட ஒட்டுண்ணியைத் தொடுவதில்லை. மணலிலும் பாறையிலும் ஒட்டிக்கிடக்கும் ஒட்டுண்ணியின் கூட்டையும் தொடுவதில்லை. தன் குழாய்க்குள் நுழைந்து வெளியேறும் நீரில் மிதந்து வருவதை மட்டுமே அது தாக்குகிறது. இந்த ஒரு வரம்பைப் புரிந்துகொண்டு வாங்கியவருக்கு அது பல ஆண்டுகள் உதவும். இதை அறியாமல், மீன் மேல் வெள்ளைப் புள்ளி தெரிந்த அன்று அவசரமாக வாங்கி மாட்டியவர், மருந்து கொடுக்க வேண்டிய நாள்களைக் கருவியின் நீல வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே கடத்திவிடுவார். ஆகவே எந்த ஒட்டுண்ணிக்கு இது பயன்படும், எவ்வளவு பெரிய கருவி வேண்டும், அதை எங்கே பொருத்துவது, நோய் வந்த வேளையில் எப்படி ஓட்டுவது என்பவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்போம்.

முதலில் எதிரியை அடையாளம் காணுங்கள்

கடல்நீர்த் தொட்டிகளில் அதிகம் காணப்படும் வெள்ளைப்புள்ளி நோயை உண்டாக்குவது கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்னும் ஒற்றைச்செல் உயிர். அதன் வாழ்க்கை நான்கு கட்டங்களாக நடக்கிறது. மீனின் தோலுக்கும் செவுளின் மேல்தோலுக்கும் அடியில் புகுந்து மூன்று முதல் ஏழு நாள்கள் தின்று வளர்கிறது. உப்புக்கல் ஒட்டியதுபோல் நம் கண்ணுக்குத் தெரிவது இந்தக் கட்டம்தான். பிறகு மீனை விட்டுக் கீழே விழுந்து, சில மணி நேரம் தரையில் ஊர்ந்து, பாறையிலோ மணலிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றிக் கெட்டியான கூடு கட்டிக்கொள்கிறது. அந்தக் கூட்டுக்குள் பிளந்து பெருகி, சில நாள்களிலோ சில வாரங்களிலோ 200 வரையான நீந்தும் குஞ்சுகளை வெளியே விடுகிறது. இந்த நீந்துநிலைக்கு ஆயுள் மிகக் குறைவு. ஒன்றிரண்டு நாள்களுக்குள் ஒரு மீனைப் பற்றாவிட்டால் அது இறந்துவிடும். மீனைத் தொற்றும் ஆற்றலோ முதல் சில மணி நேரத்திலேயே வேகமாகக் குறையத் தொடங்கிவிடுகிறது. யூவி கருவிக்குக் கிடைக்கும் வாய்ப்பு இந்தக் குறுகிய இடைவெளி மட்டுமே.

புள்ளிகள் திடீரென்று மறைவதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. காலையில் வாலிலும் துடுப்பிலும் இருந்த புள்ளிகள் இரண்டு நாளில் காணாமல் போனால் நோய் தீர்ந்துவிட்டது என்று பொருளல்ல. வளர்ந்து முடித்த ஒட்டுண்ணி கூடு கட்டக் கீழே இறங்கிவிட்டது என்றுதான் பொருள். அடுத்த சுற்று பல மடங்காகத் திரும்பி வரும். யூவி மாட்டிய வாரத்திலேயே இது நிகழ்ந்தால், குணப்படுத்தியது கருவிதான் என்று நம்பிவிடுவது மிகவும் எளிது.

அடுத்தது வெல்வெட் நோய். இதை உண்டாக்கும் அமைலோடினியம் ஓசெல்லேட்டம் என்னும் ஒட்டுண்ணிக்கும் மீன் மேல் ஒரு கட்டம், தரையில் ஒரு கூட்டுக் கட்டம், நீரில் ஒரு நீந்துநிலை என்ற அதே அமைப்பு உண்டு. ஒரு கூட்டிலிருந்து 256 வரை நீந்துநிலைகள் கிளம்பும். அவை நீரில் பல நாள் தாக்குப்பிடிக்கும். செவுளை முதலில் தாக்குவதால், உடலில் பொன்னிறப் பொடி தூவியதுபோன்ற தோற்றம் வருவதற்கு முன்பே மீன் மூச்சுக்குத் திணறத் தொடங்கிவிடும். பம்பின் நீரோட்டத்துக்கு எதிரே போய் நின்றுகொள்ளும். இந்த நோய் மிக வேகமாகக் கொல்லும். நீந்துநிலை நீரில் நீண்ட நேரம் அலைவதால் அதன் எண்ணிக்கையைக் குறைப்பதில் யூவிக்குக் கூடுதல் வாய்ப்பு உண்டு. ஆனால் நோய் வெளிப்பட்ட பிறகு கருவியை நம்பிக் காத்திருக்க நேரம் இருக்காது.

புரூக்ளினெல்லா என்னும் ஒட்டுண்ணிக்கு இத்தகைய சுழற்சி கிடையாது. அது மீனின் உடலிலேயே இரண்டாகப் பிளந்து பெருகுகிறது. கடலில் பிடித்த கோமாளி மீன்களில் அடிக்கடி காணப்படும் இந்த நோய்க்கு யூவியால் ஏறக்குறைய எந்தப் பயனும் இல்லை. உடனே ஃபார்மலின் சிகிச்சைதான் தேவை. இந்த ஒரு காரணத்துக்காகவே, தொட்டியில் வளர்க்கப்பட்ட கோமாளி மீன்களைத் தேடி வாங்குவது நல்லது. மண்டபத்தில் இயங்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையம் போன்ற இடங்களில் நடந்த இனப்பெருக்கப் பணிகளால் அத்தகைய மீன்கள் நம் ஊரிலேயே கிடைக்கின்றன. தோலிலும் செவுளிலும் ஒட்டும் தட்டைப்புழுக்களைப் பொறுத்தவரை, அவற்றின் முட்டைகள் வலைகளிலும் பாறைகளிலும் சிக்கிக்கொள்வதால் அங்கும் யூவியின் பங்கு சிறியது.

ஒளி என்ன செய்கிறது, எந்த அளவில் செய்கிறது

கருவிக்குள் இருப்பது குறைந்த அழுத்தப் பாதரச விளக்கு. அது 254 நானோமீட்டர் அலைநீளத்தில் புற ஊதா சி கதிரை உமிழ்கிறது. இந்தக் கதிர் செல்லுக்குள் புகுந்து டிஎன்ஏ இழையில் அடுத்தடுத்துள்ள தைமின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. அதனால் அந்த உயிர் பெருக முடியாமல் போகிறது, அளவு கூடினால் இறந்தும் போகிறது. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால்தான் விளக்கைச் சுற்றிக் குவார்ட்ஸ் உறை போடுகிறார்கள். அந்த உறைக்கு இன்னொரு வேலையும் உண்டு: விளக்கின் பரப்பு சுமார் 40 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும்போதுதான் அது முழுத் திறனில் கதிரை உமிழும், 26 டிகிரி நீர் நேரடியாகப் பட்டுக் குளிராதபடி உறை அதைக் காக்கிறது.

ஓர் உயிரைச் செயலிழக்கச் செய்யத் தேவையான கதிரை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லி ஜூல் என்று அளக்கிறார்கள். பாக்டீரியாக்களுக்கும் நீரைப் பச்சையாக்கும் பாசிகளுக்கும் சிறிய அளவே போதும். ஒட்டுண்ணிகள் உருவில் பெரியவை, கடினமானவை. மீன்வளத் துறையினர் பயன்படுத்தும் அட்டவணைகளில் அமைலோடினியத்தின் நீந்துநிலைக்கு 105 மில்லி ஜூல் என்றும், கிரிப்டோகாரியானுக்கு 280 மில்லி ஜூல் என்றும் காணலாம். இந்த இரண்டு எண்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கடையில் ஒரு பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் "மணிக்கு 3000 லிட்டர்" என்ற வாசகம் பெரும்பாலும் பச்சை நீரைத் தெளியவைக்கும் வேகத்தைக் குறிப்பதே தவிர, ஒட்டுண்ணியைக் கொல்லும் வேகத்தை அல்ல.

கருவியின் அளவைக் கணக்கிடுதல்

இங்கே இரண்டு தேவைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. நீர் மெதுவாகச் சென்றால் ஒவ்வொரு துளிக்கும் கிடைக்கும் கதிர் அதிகம். வேகத்தைப் பாதியாக்கினால் கதிர் அளவு இரட்டிப்பாகும். ஆனால் மெதுவாகச் சென்றால் தொட்டியின் முழு நீரும் கருவி வழியே போய்வர நெடுநேரம் ஆகும். அதற்குள் நீந்துநிலை மீனைக் கண்டுபிடித்துவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. 120 சென்டிமீட்டர் நீளமும் 60 அகலமும் 60 உயரமும் கொண்ட தொட்டியின் கொள்ளளவு 432 லிட்டர். பாறையும் மணலும் பிடித்துக்கொண்ட இடத்தைக் கழித்து, சம்பில் (தொட்டிக்குக் கீழே வடிகட்டிகள் வைக்கும் துணைத் தொட்டி) உள்ள நீரைக் கூட்டினால் உண்மையான நீர் சுமார் 400 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பார்க்கும் கருவி மணிக்கு 2400 லிட்டர் ஓட்டத்தில் 90 மில்லி ஜூல் தரும் என்று தயாரிப்பாளரின் அட்டவணை சொன்னால், 1200 லிட்டரில் 180 கிடைக்கும். 800 லிட்டரில் 270 கிடைக்கும். மணிக்கு 800 லிட்டர் என்பது நம் தொட்டிக்கு மணிக்கு இரண்டு சுற்று, அதாவது தொட்டி நீரின் இரு மடங்கு.

இரண்டு சுற்று என்றால் அரை மணியில் எல்லா நீரும் ஒருமுறை போய்விடும் என்று எண்ணிவிடக் கூடாது. சுத்தமான நீர் அதே தொட்டிக்குத் திரும்பிக் கலந்துவிடுவதால், ஒரு சுற்றின் முடிவில் 63 சதவீத நீர்தான் கருவியைக் கண்டிருக்கும். இரண்டு சுற்றில் 86, மூன்றில் 95, நான்கில் 98 சதவீதம். நம் கணக்கில் இது இரண்டு மணி நேரம். நீந்துநிலை முதல் ஆறேழு மணி நேரம்தான் முழு வீரியத்தோடு இருக்கும் என்பதால், இரண்டு மணி நேரத்தில் 98 சதவீதம் என்பது பயனுள்ள அளவு. மணிக்கு ஒரு சுற்றுக்குக் கீழே போகும் அமைப்பை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

அட்டவணையைப் பார்க்கும்போது, அந்த எண் புதிய விளக்குக்கா, ஆயுள் முடியும் தறுவாயில் உள்ள விளக்குக்கா என்று கேளுங்கள். பழைய விளக்குக்கான எண்ணைத் தருபவரே நேர்மையான தயாரிப்பாளர். மேலும், பெட்டியில் உள்ள வாட் எண் விளக்கு இழுக்கும் மின்சாரம்தான். அதில் மூன்றில் ஒரு பங்கு அளவே பயனுள்ள கதிராக மாறுகிறது. உள்வடிகட்டியோடு சேர்த்து விற்கும் 5 வாட், 9 வாட் சிறு கருவிகள் இந்த அளவுள்ள தொட்டியில் ஒட்டுண்ணியைக் கட்டுப்படுத்தாது. அந்தப் பணத்தில், நோயுற்ற மீனைத் தனியே வைத்துச் சிகிச்சை தர ஒரு தனிமைத் தொட்டி அமைப்பது மேல்.

55 வாட் கருவி நாள் முழுதும் ஓடினால் மாதத்துக்கு ஏறத்தாழ 40 யூனிட் மின்சாரம் ஆகும். அந்த மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாக நீரில்தான் இறங்கும். சென்னை, மதுரை போன்ற ஊர்களில் சித்திரை வைகாசி மாதங்களில் ஏற்கெனவே நீரைக் குளிர்விக்கும் சில்லர் திணறிக்கொண்டிருக்கும் தொட்டி என்றால், இந்த வெப்பத்தையும் கணக்கில் சேர்த்துவிட்டே கருவியைத் தேர்ந்தெடுங்கள்.

பொருத்துதல்

கருவிக்கென்று தனிப் பம்ப் ஒன்றை ஒதுக்கி, மீன் இருக்கும் தொட்டியிலிருந்து நீரை எடுத்து, மீண்டும் அதே தொட்டியின் எதிர் மூலையில் விடுவது சிறந்த முறை. சம்பிலிருந்து எடுத்துச் சம்பிலேயே விட்டால், ஒரே நீர் திரும்பத் திரும்பக் கருவிக்குள் போகும். மீன் தொட்டியில் அலைவது அங்கேயே அலைந்துகொண்டிருக்கும். உறிஞ்சும் வாய் தொட்டியின் கீழ்ப்பகுதியில் பாறைகளுக்கு அருகே இருக்கட்டும். கூடுகள் அங்கேதான் வெடிக்கின்றன. அந்த வாயில் சிறு மீனும் நத்தையும் நுழையாதபடி வலையும், அழுக்கைப் பிடிக்க ஒரு ஸ்பாஞ்சும் வையுங்கள். துகள் கலந்த நீரில் கதிர் துகளின் நிழலில் மறைந்துவிடும். நீர் மஞ்சள் பூத்திருந்தாலும் கதிர் உள்ளே ஊடுருவாது. ஆகவே அந்த மஞ்சளை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பனைத் தவறாமல் மாற்றிவாருங்கள்.

பல தொட்டிகளை ஒரே சம்பில் இணைத்து நடத்தும் கடைகளின் நிலை வேறு. சென்னை கொளத்தூர் போன்ற சந்தைகளில் கடல் மீன் விற்பவர்கள், சம்பிலிருந்து தொட்டிகளுக்கு நீர் திரும்பும் குழாயிலேயே போதிய அளவுள்ள கருவியை வைத்தால், ஒரு தொட்டியின் நீர் இன்னொரு தொட்டிக்குப் போகும் முன் கதிரைக் கடந்தே ஆக வேண்டும். யூவி தன் முழுப் பயனைத் தருவது இத்தகைய ஒருவழிப் பாதையில்தான். கடற்கரையிலிருந்து இயற்கை நீரைக் கொண்டுவந்து பயன்படுத்துபவர்களும், அதை முதலில் நுண்வடிகட்டியில் வடித்து, பிறகு யூவி வழியே மெதுவாகச் செலுத்தித் தொட்டிக்கு விடலாம்.

கருவியைத் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே, நீர் அடியில் நுழைந்து மேலே வெளியேறும்படி பொருத்துங்கள். அப்போது உள்ளே காற்று தங்காது. மின்சாரம் நின்றாலும் கருவி நீர் நிறைந்தே இருக்கும். இருபுறமும் கழற்றி மாட்டக்கூடிய இணைப்பான ஒரு யூனியனும், நீரை அடைக்கும் ஒரு பால் வால்வும் (ball valve) போட்டுவிட்டால், சுத்தம் செய்யக் கழற்றும்போது தரை நனையாது. குவார்ட்ஸ் உறையை வெளியே இழுக்க அதன் நீளத்துக்கு இடம் தேவை. அலமாரிக்குள் இறுக்கமாக மாட்டிவிட்டால் பிறகு குழாயையே அறுக்க வேண்டிவரும்.

நீரின் வேகத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். திரும்பும் குழாயை அதன் உண்மையான உயரத்திலேயே பிடித்து, ஒரு 10 லிட்டர் வாளியில் நீரைப் பிடித்து நேரம் பாருங்கள். வாளி 36 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 1000 லிட்டர். 45 விநாடியில் நிறைந்தால் 800 லிட்டர். வெளிப்பக்க வால்வைத் திருகித் தேவையான அளவுக்குக் கொண்டுவந்து, வால்வின் கைப்பிடி நின்ற இடத்தை மார்க்கரால் குறித்துவிடுங்கள். பம்பில் சுண்ணாம்பு படியப் படிய வேகம் குறையும் என்பதால் இந்தச் சோதனையைச் சில மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும்.

மின் இணைப்பில் அலட்சியம் கூடாது. உப்பு நீரும் 230 வோல்ட்டும் பக்கத்தில் இருக்கும் இடம் இது. மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும். வயர் பிளக்குக்குப் போகும் முன் தொங்கலாக வளைந்து கீழிறங்க வேண்டும், அப்போது வழியும் நீர் பிளக்கை எட்டாது. விளக்கையும் பம்பையும் ஒரே சுவிட்சில் இணைத்துவிடுங்கள். பம்ப் நின்று விளக்கு மட்டும் எரிந்தால் தேங்கிய நீர் சூடேறிக் கருவியின் வெளிக்குழாய் வளைந்துவிடும். மின்தடைக்குப் பிறகு மின்சாரம் திரும்பியதும் பம்ப் உண்மையிலேயே ஓடுகிறதா என்று ஒருமுறை பார்ப்பது நல்ல பழக்கம். எரியும் விளக்கை ஒரு நொடிகூட வெறுங்கண்ணால் பார்க்காதீர்கள். கண்ணின் விழிவெண்படலம் புண்ணாகும். சில மணி நேரம் கழித்துத்தான் வலி தெரியும்.

இரவில் அணைக்காதீர்கள்

மின்கட்டணத்தையும் வெப்பத்தையும் எண்ணிப் பலர் யூவியை டைமரில் போட்டுப் பகலில் மட்டும் ஓட்டுகிறார்கள். இது தலைகீழான ஏற்பாடு. கிரிப்டோகாரியானின் நீந்துநிலைகள் பெரும்பாலும் இருட்டிலும் விடியற்காலையிலும்தான் கூட்டைவிட்டு வெளியேறுகின்றன. ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்குவதும் பெரும்பாலும் இரவில்தான். மீன் எந்தப் பாறைப் பொந்தில் தூங்குகிறதோ அந்தப் பொந்திலேயே கூடு அமைகிறது. பிறகு ஓர் இரவில் குஞ்சுகள் வெளிவரும்போது, மீன் ஒரு சாண் தொலைவில் அசையாமல் படுத்திருக்கிறது. பரந்த கடலில் இந்த வாய்ப்பு அரிது. 400 லிட்டர் தொட்டியில் இது ஒவ்வொரு இரவும் நடக்கலாம். இரவில்தான் கருவி கட்டாயம் ஓட வேண்டும். உண்மையில் 24 மணி நேரமும் ஓடுவதே முறை, ஏனெனில் அடிக்கடி அணைத்துப் போடுவது விளக்கின் ஆயுளையும் குறைக்கும்.

இதே காரணத்தால்தான், எவ்வளவு பெரிய கருவி போட்டாலும் யூவி நோயை முற்றாக ஒழிக்காது. பொந்துக்குள் பிறந்து பொந்துக்குள்ளேயே மீனைப் பற்றும் நீந்துநிலை ஒருபோதும் குழாய்க்குள் வருவதில்லை. கருவி செய்வது எண்ணிக்கையைக் குறைப்பது. நல்ல தீனியும் நிலையான நீரும் கிடைக்கும் மீனுக்கு, ஐம்பது ஒட்டுண்ணிகளுக்குப் பதில் ஐந்து வந்து சேர்ந்தால், அதன் உடல் எதிர்த்து நிற்கும், சில வாரங்களில் ஓரளவு எதிர்ப்பாற்றலும் பெறும். அந்த அவகாசத்தின் மதிப்பு பெரிது.

நோய் வெளிப்பட்டுவிட்டால்

மீன்களைப் பிடித்துத் தனிமைத் தொட்டிக்கு மாற்றி, அங்கே தாமிர மருந்து கொடுங்கள். பவளமும் இறாலும் நத்தையும் உள்ள தொட்டியில் தாமிரத்தைச் சேர்க்கவே கூடாது, அவை இறந்துவிடும். அயனித் தாமிரம் என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் என்ற குறுகிய எல்லைக்குள் சோதனைக் கருவி கொண்டு நாள்தோறும் அளந்து வைத்திருக்க வேண்டும். தாமிரத்தை வேறொரு சேர்மத்தோடு பிணைத்துத் தரும் பிணைப்புத் தாமிர மருந்துகளின் அளவு வேறு. அதன் குப்பியில் உள்ளதைப் பின்பற்றுங்கள். தனிமைத் தொட்டியில் யூவி ஓடக் கூடாது. கதிர் அந்தப் பிணைப்பைச் சிதைத்துத் தாமிரத்தை விடுவித்துவிடலாம். குளோரோகுயின் போன்ற மருந்துகளையும் ஒளி சிதைத்துவிடும்.

பெரிய தொட்டியை மீனே இல்லாமல் விட்டுவைக்க வேண்டும். கிரிப்டோகாரியான் கூடு 72 நாள் வரை தாக்குப்பிடித்ததாகப் பதிவு உண்டு. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் 76 நாள் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்த நாள்களில் யூவி ஓடிக்கொண்டிருக்கலாம், ஆனால் அதைக் காட்டி நாள்களைக் குறைத்துவிடாதீர்கள். மீன்களைப் பிடிக்க வழியே இல்லாத பெரிய பவளத் தொட்டி என்றால், வேகத்தை 280 மில்லி ஜூல் தரும் அளவுக்குக் குறைத்து இடைவிடாது ஓட்டி, நாளுக்குப் பலமுறை சத்தான தீனி கொடுத்து, மணலின் மேற்பரப்பைக் குழாயால் உறிஞ்சிச் சுத்தம் (சைஃபன்) செய்துவருவதே செய்யக்கூடியது. வெல்வெட் என்று ஐயம் வந்தால் இந்த வழியில் இறங்காதீர்கள். பாறையைக் கலைத்தாவது அன்றே மீனைப் பிடித்துவிடுங்கள்.

பராமரிப்பும் அணைத்து வைக்க வேண்டிய வேளைகளும்

விளக்கு நீல நிறத்தில் எரிவது அது வேலை செய்கிறது என்பதற்குச் சான்றல்ல. கண்ணுக்குத் தெரியும் நீலம் வேறு, தெரியாத கதிர் வேறு. சுமார் 8000 முதல் 9000 மணி நேரத்தில், அதாவது ஏறத்தாழ ஓராண்டில், கதிர் கணிசமாகக் குறைந்துவிடும். நீலம் மட்டும் மாறாமல் இருக்கும். மாற்றிய தேதியைக் கருவியின் மேலேயே எழுதி வையுங்கள். புதிய விளக்கு வாங்கும்போது ஓசோன் உண்டாக்காத வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். மாட்டும்போது கண்ணாடியை வெறும் விரலால் தொடக் கூடாது. தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள்.

கால்சியம் மிகுந்த பவளத் தொட்டிகளில் குவார்ட்ஸ் உறையின் மேல் வெண்படலம் படியும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்து, உறையைக் கழற்றி, வினிகரிலோ சிட்ரிக் அமிலக் கரைசலிலோ ஊறவைத்து மென்மையான துணியால் துடைத்தால் படலம் கரைந்துவிடும். தேய்க்கும் நாரைப் பயன்படுத்தாதீர்கள். நீர் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் சிலிக்கோன் கிரீஸ் தடவி மாட்டி, விளக்கைப் போடும் முன் வெறும் நீரை ஓடவிட்டுக் கசிவைப் பாருங்கள்.

கழிவைச் சிதைக்கப் பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவைத் தொட்டியில் ஊற்றினால் ஓரிரு நாள் கருவியை அணைத்து வையுங்கள். பாறையிலும் வடிகட்டியிலும் ஏற்கெனவே குடியேறிய நைட்ரஜன் பாக்டீரியாக்களுக்குக் கருவியால் கேடில்லை, நீரில் மிதப்பவற்றுக்கே கேடு. உயிருள்ள நுண்பாசியோ ரோட்டிஃபர் என்னும் நுண்விலங்கோ தீனியாகக் கொடுக்கும்போதும் சில மணி நேரம் அணைக்கலாம். மறுபடி போட மறந்துவிடுவது வழக்கமாக நிகழ்வது என்பதால், தானே திரும்ப இயங்கும் டைமர் சுவிட்ச் இதற்கு உதவும். உடைந்த அல்லது ஓய்ந்த விளக்கில் பாதரசம் உள்ளது. அதைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். வீட்டுக்குள் உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு, துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத்தாளால் துகள்களை ஒற்றியெடுத்து மூடியுள்ள டப்பாவில் அடையுங்கள்.